பழைய டெஸ்க்டொப் ஒன் ஆகவில்லையா? திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பேசுவது மேசைக்குக் கீழே நிற்கும் பெட்டிக் கொம்பியூட்டரைப் பற்றி. பென்டியம் 4 காலத்திலிருந்து மூன்றாம் தலைமுறை கோர் ஐ3, ஐ5 வரை, அதாவது ஏறத்தாழ 2002 முதல் 2013 வரை வந்தவை. டியூஷன் வகுப்பிலும் போட்டோகொப்பிக் கடையிலும் சங்கக் கந்தோரிலும் இன்னும் ஓடுபவை பெரும்பாலும் இவைதான். லெப்டொப்புக்கு இது பொருந்தாது.

இந்த ஊரில் "செத்துப்போச்சு" என்று தூக்கிக் கொண்டுவரும் பெட்டிகளில் பல சாகவில்லை. சுவரிலிருந்து உள்நோக்கி, கரண்ட் எந்த இடத்தில் நிற்கிறது என்று தேடிக்கொண்டே போனால் பழுது தானாக அகப்படும். அளந்து பார்க்காமல் மதர்போர்டை மாற்றுவதுதான் காசு கரையும் வழி.

பட்டனை அழுத்தினால் ஒரு சத்தமும் இல்லை. எங்கே தொடங்குவது?

சுவரில். அதே சொக்கெட்டில் ஒரு மேசை விளக்கைப் போட்டுப் பாருங்கள். போன் சார்ஜர் போதாது. தளர்ந்த இணைப்பிலும் அது ஏறும், கொம்பியூட்டர் ஏறாது. அடுத்து மல்டி பிளக்கையும் யூபிஎஸ்ஸையும் விலக்கிவிட்டுப் பெட்டியை நேரே சுவரில் கொடுங்கள்.

இனி கேபிள். மொனிட்டருக்குப் போகும் பவர் கேபிளும் பெட்டிக்குப் போகும் கேபிளும் பெரும்பாலும் ஒரே வகை. இரண்டையும் மாற்றிக் குத்துங்கள். மொனிட்டரின் லைட் அணைந்து பெட்டி உயிர் பெற்றால் பழுது கேபிளில். சதுரப் பின் 13 அம்பியர் பிளக் என்றால் அதற்குள் ஒரு பியூஸ் இருக்கும். திறந்து மீற்றரில் தொடர்ச்சி பாருங்கள். பியூஸ் போயிருந்தால் 5 அம்பியர் பியூஸ் போடுங்கள். சிகரெட் பெட்டி ஈயத்தாளைச் சுற்றிப் போடுவது இன்னும் நடக்கிறது, அதைச் செய்ய வேண்டாம்: அடுத்த முறை எரிவது பியூஸாக இருக்காது, வயராக இருக்கும்.

பழைய வீடுகளில் உருண்டைப் பின் சொக்கெட்டில் அடப்டர் போட்டுச் சதுரப் பிளக்கை மாட்டியிருப்பார்கள். அடப்டரைக் கழற்றிப் பின்களைப் பாருங்கள். கறுத்திருந்தால், பிளாஸ்டிக் உருகியிருந்தால், தேடியது கிடைத்துவிட்டது.

கடைசியாக, பெட்டியின் பின்பக்கம் பவர் சப்ளையில் (சுவர்க் கரண்டை உள்ளே உள்ள பாகங்களுக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் பகுதி) உள்ள சிறிய சுவிட்ச். கோடு போட்ட பக்கம் ஒன், வட்டம் போட்ட பக்கம் ஓஃப். கூட்டும்போது தும்புத்தடி பட்டு இது ஓஃப் ஆவது சிரிப்புக்கிடமான காரணம்தான், ஆனால் அடிக்கடி நடப்பது.

யூபிஎஸ்ஸில் லைட் எரிகிறது, கொம்பியூட்டர் மட்டும் வரவில்லை.

வீட்டில் இருக்கும் 600, 650 விஏ யூபிஎஸ்களுக்குள் ஒரு 12 வோல்ட், 7 அம்பியர் மணி ஈய பற்றரி இருக்கும். இந்த வெக்கையில் அது இரண்டு மூன்று வருடம் நின்றாலே நல்லது. 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய காலத்தில் இந்தப் பற்றரிகள் அடியோடு வற்றிப்போயின. சில யூபிஎஸ்கள் பற்றரி செத்தால் சுவர்க் கரண்ட் இருந்தும் வெளியே விடமாட்டா. லைட் மட்டும் எரியும். பற்றரியைக் கழற்றி அளந்தால், நிறையச் சார்ஜ் ஏறியது 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும். ஒரு இரவு சார்ஜில் இருந்தும் 12 ஐத் தொடாவிட்டால் புதிது வாங்குங்கள். யூபிஎஸ் இல்லாமல் நேரே கொடுத்தபோது கொம்பியூட்டர் வந்ததென்றால் அதற்குமேல் பெட்டியைக் கழற்ற வேண்டியதில்லை.

"ஒன் ஆகவில்லை" என்று சொன்னால் போதாதா? ஏன் இத்தனை கேள்வி கேட்கிறார்கள்?

நான்கு வேறு வேறு பழுதுகளை எல்லாரும் அந்த ஒரே சொல்லால் சொல்கிறார்கள். முழு அமைதி என்றால் கரண்ட் வரவில்லை, அல்லது பவர் சப்ளையோ பட்டனோ பழுது. ஃபேன் ஒரு தடவை உதறி நின்றால் எங்கோ ஷோர்ட். 4 விநாடி ஓடி, எப்போதும் அதே 4 விநாடியில் நின்றால் பவர் பட்டன் உள்ளே சிக்கி அழுத்தியபடியே இருக்கிறது. பட்டனை 4 விநாடி பிடித்தால் கட்டாயமாக ஓஃப் ஆகும்படிதான் இந்தக் கொம்பியூட்டர்கள் செய்யப்பட்டிருக்கின்றன. ஃபேன் நிற்காமல் ஓடியும் திரை கறுப்பாகவே இருந்தால் அது பவர் பழுதே அல்ல, பெரும்பாலும் ரேம் (போர்டில் செருகும் நினைவகத் தட்டு). திருத்துபவரிடம் போனில் பேசும்போது இந்த நான்கில் எது என்று சொன்னாலே பாதி வேலை முடிந்தது.

மதர்போர்டில் சின்னப் பச்சை லைட் எரிகிறது. பட்டனுக்கு மட்டும் அசைவில்லை.

நல்ல சேதி. அந்த லைட் எரிந்தால் சுவர், கேபிள், பவர் சப்ளையின் காத்திருப்புப் பகுதி (கொம்பியூட்டர் ஓஃப்பில் இருக்கும்போதும் ஓடுவது) மூன்றும் வேலை செய்கின்றன. சந்தேகம் முன்பட்டன் மேல்.

பட்டனிலிருந்து வரும் இரண்டு மெல்லிய வயர்களும் மதர்போர்டின் கீழ் மூலையில் ஒரு பின் கூட்டத்தில் குத்தியிருக்கும். பல போர்டுகளில் அது 9 பின் கொண்ட இரட்டை வரிசை. ஒரு வரிசையில் 1, 3, 5, 7, 9, மற்றதில் 2, 4, 6, 8. பவர் பட்டனுக்கு 6 உம் 8 உம், ரீசெட்டுக்கு 5 உம் 7 உம். போர்டில் அச்சடித்திருப்பதை ஒருமுறை ஒத்துப் பாருங்கள், எல்லாக் கம்பனியும் இதே ஒழுங்கைப் பின்பற்றுவதில்லை. பட்டன் வயரைக் கழற்றிவிட்டு, ஸ்க்ரூ டிரைவர் நுனியால் அந்த இரண்டு பின்களையும் ஒரு கணம் தொடுங்கள். கொம்பியூட்டர் ஒன் ஆனால் பட்டன்தான் பழுது. இந்தப் பின்களில் வெறும் 5 வோல்ட்டுக்குள்தான், கைக்கு ஆபத்தில்லை. பக்கத்துப் பின்னைத் தொடாமல் பார்த்தால் போதும்.

புதுப் பட்டன் தேடி அலைய வேண்டாம். ரீசெட் பட்டனின் வயரைப் பவர் பின்களில் குத்திவிடுங்கள். இனி ரீசெட் பட்டன்தான் பவர் பட்டன்.

கடலுக்குக் கிட்ட வீடு. உப்புக் காற்றால்தானா இப்படி?

பெரும் பங்கு அதற்குண்டு. டச்சு விரிகுடா, பின்விரிகுடா, உட்துறைமுகம் என்று ஊரை மூன்று பக்கமும் தண்ணீர் சூழ்ந்திருக்கிறது. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கேட்கவே வேண்டாம். உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துப் பிடிக்கும். தூசியோடு சேர்ந்தால் அது லேசாகக் கரண்ட் கடத்தும் ஒரு படலமாகிவிடும். கச்சான் காற்றுக் காலத்தில் தூசியும் உப்பும் உள்ளே போகும், மாரியில் ஈரம் வந்து வேலையைத் தொடங்கும். அதனால்தான் மார்கழி, தையில் "நேற்று வரை ஓடியது" என்ற முறைப்பாடு கூடுகிறது.

கறள் பிடிப்பது பெட்டியின் தகரத்தில் மட்டுமென்றால் கவலையில்லை. பார்க்க வேண்டியவை ரேமின் தங்க நிறப் பற்கள், பவர் பட்டனின் உட்பகுதி, பவர் சப்ளையிலிருந்து மதர்போர்டுக்கு வரும் பெரிய 24 பின் பிளக். ரேமைக் கழற்றி, வெள்ளை அழிறப்பரால் பற்களை ஒரே திசையில் மெதுவாகத் தேய்த்து, தூள் போக பிரஷால் தட்டி, முடிந்தால் ஐசோபுரோப்பைல் அல்கஹோல் தோய்த்த துணியால் துடைத்துப் போடுங்கள். மண்ணெண்ணெய், தின்னர் இரண்டும் கூடாது. மண்ணெண்ணெய் எண்ணெய்ப் பசையை விட்டுப் போகும், தின்னர் பிளாஸ்டிக்கைத் தின்னும்.

பவர் சப்ளை பழுதா இல்லையா என்று வீட்டிலேயே அறிய முடியுமா?

முடியும். இதைக் கொஞ்சம் ஆறுதலாக வாசியுங்கள், இந்தப் பக்கத்தின் பெறுமதி இங்கேதான் இருக்கிறது.

சாதாரண டிஜிட்டல் மீற்றர் ஒன்று வேண்டும். டிசி 20 வோல்ட் நிலையில் வையுங்கள். கறுப்பு முனையைப் பெட்டியின் பெயின்ட் இல்லாத தகரத்திலோ கறுப்பு வயரிலோ பிடியுங்கள். பெரிய 24 பின் பிளக்கை மதர்போர்டிலிருந்து கழற்றவேண்டாம். சிவப்பு முனையைப் பிளக்கின் பின்பக்கத்தால், வயர் நுழையும் துளையில் செருகுங்கள்.

முதலில் ஊதா வயர். சுவர் சுவிட்ச் ஒன்னில், கொம்பியூட்டர் ஓஃப்பில் இருக்கும்போதே இங்கே 5 வோல்ட் இருக்க வேண்டும், 4.75 முதல் 5.25 வரை சரி. இல்லாவிட்டால், அல்லது 2, 3 என்று ஆடிக்கொண்டிருந்தால், பிளக்கைக் கழற்றி மறுபடி அளந்து பாருங்கள். கழற்றியதும் 5 வந்தால் போர்டு இழுத்து விழுத்துகிறது. கழற்றியும் வராவிட்டால் பவர் சப்ளை பழுது.

அடுத்தது பச்சை வயர். ஒன்றே ஒன்றுதான் இருக்கும். பட்டனை அழுத்தாதபோது இதில் 3 முதல் 5 வோல்ட் வரை நிற்கும். அழுத்தியதும் பூச்சியத்துக்கு விழ வேண்டும், ஏனென்றால் மதர்போர்டு அந்த வயரைப் பூமிக்கு இழுத்துத்தான் பவர் சப்ளையை எழுப்புகிறது. அழுத்தியும் விழவில்லையா? பட்டன் அல்லது போர்டு. விழுந்தது, ஆனால் மஞ்சள் வயரில் 12 வரவில்லையா? பவர் சப்ளை எழவில்லை, அல்லது ஷோர்ட்டைக் கண்டு உடனே படுத்துக்கொண்டது. இந்த ஒரு வயர் பழுதை இரண்டாகப் பிரித்துத் தந்துவிடும். கடையில் இதை அளக்காமலே "போர்ட் போச்சு" என்று சொன்னால் அளந்து காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

ஓடும்போது மஞ்சளில் 11.4 முதல் 12.6, சிவப்பில் 4.75 முதல் 5.25, ஆரஞ்சில் 3.14 முதல் 3.47 வரை இருக்கலாம். சாம்பல் வயர் "எல்லாம் சரி" என்று சொல்லும் வயர். மற்றவை நிலைகொண்ட பின் அரை விநாடிக்குள் 5 வோல்ட்டுக்குக் கிட்ட வரும். அது வராவிட்டால் ஃபேன் ஓடும், வேறொன்றும் நடக்காது.

பேப்பர் கிளிப் போட்டுச் சோதிப்பது என்கிறார்களே?

அதே பச்சை வயரைக் கையால் பூமிக்கு இழுப்பதுதான். சுவர் சுவிட்சை ஓஃப் செய்து, 24 பின் பிளக்கையும் மற்ற எல்லாப் பிளக்குகளையும் கழற்றுங்கள். ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கையோ பெட்டி ஃபேனையோ மட்டும் மாட்டி விடுங்கள். சில பழைய சப்ளைகள் சுமை இல்லாமல் எழாது. கிளிப்பை நிமிர்த்திப் பச்சைக்கும் பக்கத்துக் கறுப்புக்கும் இடையே செருகிவிட்டுச் சுவர் சுவிட்சைப் போடுங்கள். ஃபேன் சுற்றினால் சப்ளை எழுகிறது.

எழுகிறது என்பதற்கும் நல்லது என்பதற்கும் தூரம் உண்டு. ஒரு ஃபேனைச் சுற்றும் சப்ளை, பிராசசரின் சுமை வந்ததும் விழலாம். ஆகவே கிளிப் சோதனையில் தோற்றால் நிச்சயம் பழுது. வென்றால் மேலே சொன்ன அளவைகளையும் பாருங்கள். எல்லா வயரும் கறுப்பாக உள்ள சப்ளையில் எண்ணிப் பிடிக்கத் தெரியாவிட்டால் இதைச் செய்ய வேண்டாம்.

ஐந்து வருடம் ஒழுங்காக ஓடியது. ஒரு நாள் கரண்ட் கட், அதன்பிறகு வரவே இல்லை. கரண்ட் வந்தபோது கூடி அடித்ததா?

அப்படியும் இருக்கலாம். ஆனால் இன்னொரு காரணம் கூடுதலாக நடக்கிறது. பின் சுவிட்ச் ஒன்னிலேயே கிடக்கும் கொம்பியூட்டருக்குள், ஓஃப் செய்த பிறகும் காத்திருப்புச் சுற்று இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும். அதற்குள் ஒரு சிறிய கெப்பாசிற்றர் (மின்னைத் தேக்கி வைக்கும் உருளை), பெரும்பாலும் 10 முதல் 47 மைக்ரோஃபரட், 50 வோல்ட், சூட்டில் மெல்ல மெல்ல வற்றுகிறது. ஓடிக்கொண்டிருக்கும்வரை பிரச்சினை தெரியாது. ஒருமுறை முழுதாக நின்று ஆறியபின், திரும்பக் கிளம்ப அதற்குச் சக்தி போதாது. குளிர்ந்தால் வராது, சூடானால் வரும் என்ற அடையாளம் இதற்குத்தான்: சுவிட்சைப் போட்டு அரை மணித்தியாலம் விட்டால், அல்லது பவர் சப்ளையின் காற்றுத் துவாரத்தில் ஹெயார் டிரையரால் 2 நிமிடம் சூடு காட்டினால் எழும்பும்.

எழும்பிவிட்டது என்று அப்படியே ஓட்டவேண்டாம். அன்றைக்கே கோப்புகளை எடுத்துக்கொண்டு சப்ளையை மாற்றுங்கள். சில பழைய வடிவமைப்புகளில் அந்தக் கெப்பாசிற்றர் வற்றும்போது காத்திருப்பு வோல்ட் 5 ஐத் தாண்டி ஏறி மதர்போர்டையும் கொண்டுபோகும்.

பின்னால் சிவப்பு நிறத்தில் 115, 230 என்று ஒரு சுவிட்ச். அது எதற்கு?

தொடாமல் இருப்பதற்கு. இலங்கையில் 230 வோல்ட். சுவிட்ச் 230 இல் நிற்க வேண்டும். 115 க்குத் தள்ளிக் கரண்ட் கொடுத்தால் வெடிச் சத்தம் கேட்கும், சப்ளை முடிந்தது. பிள்ளைகள் கைக்கு எட்டும் இடமென்றால் மேலே டேப் ஒட்டிவிடுங்கள்.

பவர் சப்ளையைத் திறந்து உள்ளே பியூஸ் மாற்றலாமா?

வேண்டாம், இரண்டு காரணம். உள்ளே 230 வோல்ட் நேரடி மின்னோட்டமாக மாறி ஏறத்தாழ 325 வோல்ட்டாகப் பெரிய கெப்பாசிற்றர்களில் தேங்கி நிற்கும். பிளக்கைக் கழற்றிய பிறகும் அது அங்கேயே இருக்கும். வழமையாகச் சில நிமிடத்தில் வடியும், வடிக்கும் ரெசிஸ்டர் பழுதானால் வடியாது. இரண்டாவது, உள்ளே இருக்கும் பியூஸ் சும்மா போவதில்லை. சுவிட்ச் செய்யும் டிரான்சிஸ்டரோ டயோட்டோ ஷோர்ட் ஆனபிறகுதான் அது எரியும். புதுப் பியூஸ் போட்டால் அதுவும் அதே கணத்தில் எரியும்.

துவாரத்தால் டோர்ச் அடித்து மட்டும் பாருங்கள். ஒட்டறை, எறும்புக் கூடு, காய்ந்த பல்லி. சிரிக்க வேண்டாம், சூட்டுக்காகப் பல்லி அதற்குள் போகும். உயர் வோல்ட் இரண்டு புள்ளிகளைத் தொட்டால் பல்லியும் போகும், சப்ளையும் போகும். பின்பக்கத்தில் காலியான கார்ட் துளைகளைத் தகடு போட்டு மூடுங்கள்.

மதர்போர்டில் சில உருளைகளின் தலை வீங்கியிருக்கிறது.

அவை எலெக்ட்ரோலைட்டிக் கெப்பாசிற்றர்கள். நல்லதன் தலை தட்டையாக இருக்கும். வீங்கினால், பழுப்பு நிறக் கசிவு இருந்தால், அது முடிந்தது. ஏறத்தாழ 1999 முதல் 2007 வரை உலகெங்கும் தரம் குறைந்த திரவம் நிரப்பிய கெப்பாசிற்றர்கள் பல கம்பனிகளின் போர்டுகளில் போய்ச் சேர்ந்தன. டெல் ஒப்டிபிளெக்ஸ் ஜிஎக்ஸ் 270 அதற்குப் பேர்போன உதாரணம். ஆகவே அந்தக் கால போர்டு என்றால் பிராசசரைச் சுற்றி நிற்கும் வரிசையைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மாற்றலாம். மைக்ரோஃபரட் அதே அளவு, வோல்ட் அதே அல்லது கூட (6.3 க்குப் பதில் 10 போடலாம், குறைக்கக்கூடாது), 105 பாகை என்று எழுதியது, குறைந்த உள்தடை கொண்ட வகை. ரேடியோவுக்குப் போடும் சாதாரண வகை சில மாதத்தில் மறுபடி வீங்கும். கோடு போட்ட பக்கம் மறைமுனை. கழற்ற முதல் போனில் படம் எடுத்து வையுங்கள். போர்டு பல அடுக்காக இருப்பதால் சூட்டை இழுத்துக்கொள்ளும், 25 வாட் சோல்டர் அயன் திணறும். 60 வாட் எடுங்கள். வீங்கிய ஒன்றை மட்டும் மாற்றாமல் அதே வரிசை முழுவதையும் மாற்றினால் அடுத்த வருடம் திரும்பத் திறக்க வேண்டியதில்லை.

ஃபேன் ஒரு சுற்று சுற்றி நிற்கிறது. திரும்ப அழுத்தினால் அதே கதை.

ஷோர்ட்டைக் கண்டு சப்ளை தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. ஒவ்வொன்றாகக் கழற்றித்தான் பிடிக்க வேண்டும். வரிசை முக்கியம், எளிதானதிலிருந்து: வெளி யூஎஸ்பி எல்லாம், முன்பக்க யூஎஸ்பி வயர் (பென் டிரைவை முரட்டுத்தனமாகச் செருகி உள்ளே நாக்கு வளைந்து பின்கள் ஒட்டியிருக்கும்), டிவிடி டிரைவ், ஹார்ட் டிஸ்க், கார்ட்கள். ஒவ்வொன்றுக்கும் சுவர் சுவிட்சை ஓஃப் செய்து, கழற்றி, 10 விநாடி பொறுத்து, ஒன் செய்து பாருங்கள். ஹார்ட் டிஸ்க்கின் சுற்றுப்பலகையில் காப்பு டயோட் ஷோர்ட் ஆகியிருந்தால் அதைக் கழற்றியதும் கொம்பியூட்டர் சுகமாக எழும். உள்ளே தகவல் பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும்.

இன்னும் வராவிட்டால் மதர்போர்டை வெளியே எடுத்து ஒரு மட்டைப் பெட்டி மேல் வையுங்கள். பிராசசர், அதன் ஃபேன், ஒரு ரேம், 24 பின், 4 பின், இவ்வளவுதான். வெளியே வந்து ஓடினால் பெட்டிக்குள் எங்கோ விழுந்த திருகாணியோ, தேவையற்ற இடத்தில் நின்ற பித்தளைத் தாங்கியோ போர்டின் முதுகைத் தொட்டுக்கொண்டிருந்தது.

எல்லா ஃபேனும் ஓடுகிறது, திரையில் ஒன்றும் இல்லை.

ரேமைச் சுத்தம் செய்து, ஒன்றை மட்டும், ஒவ்வொரு துளையிலும் மாறி மாறிப் போட்டுப் பாருங்கள். பிராசசருக்கு அருகே உள்ள 4 பின் பிளக் ஏறியிருக்கிறதா? அது இல்லாமல் ஃபேன் எல்லாம் ஓடும், பிராசசர் ஓடாது. தனி கிராஃபிக்ஸ் கார்ட் இருந்தால் எடுத்துவிட்டு மொனிட்டர் கேபிளைப் போர்டின் துளையில் கொடுங்கள்.

போர்டில் சிறு ஸ்பீக்கர் இருந்தால் காது கொடுங்கள். அவார்ட் கம்பனியின் பயோஸில் (ஒன் ஆனதும் போர்டில் முதலில் ஓடும் மென்பொருள்) ஒரு நீளம் இரண்டு குறில் என்றால் கிராஃபிக்ஸ், ஓயாத நீண்ட சத்தம் என்றால் ரேம். ரேம் இல்லாமல் ஒன் செய்தும் சத்தமே வராவிட்டால் பிராசசரோ போர்டோ பழுது.

சில விநாடி ஓடி நிற்பது, மறுபடி அழுத்தினால் இன்னும் சீக்கிரம் நிற்பது என்றால் அது சூடு. எல்ஜிஏ 775 என்ற பிராசசர் சொக்கெட்டுக்குரிய ஃபேனின் நான்கு பிளாஸ்டிக் முளைகளில் ஒன்று கழன்றாலே போதும்.

மதர்போர்டில் உள்ள சின்ன பற்றரி செத்தால் கொம்பியூட்டர் ஒன் ஆகாதா?

வழமையாக ஆகும், திகதி மட்டும் பல வருடம் பின்னே போகும். ஆனால் சில போர்டுகள் பற்றரி வற்றினால் அடம்பிடிக்கும். சிஆர் 2032, 3 வோல்ட், 2.8 க்குக் கீழே என்றால் மாற்றுங்கள். சுவர்க் கரண்டைக் கழற்றி, பற்றரியை எடுத்து 5 நிமிடம் வைத்துவிட்டுப் போடுவதே பயோஸ் அமைப்பை அழிக்கவும் உதவும். கூட்டல் குறி மேலே.

மின்னல் அடித்த இரவுக்குப் பிறகு வரவில்லை.

பங்குனி, சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேரம் இடி கட்டி வரும் ஊர் இது. சுவர்ப் பிளக்கைக் கழற்றியும் அடிபட்டவை உண்டு: மின்னல் டெலிபோன் வயர் வழியே ரூட்டருக்கும், அங்கிருந்து நெட்வேர்க் கேபிளில் மதர்போர்டுக்கும் வரும். நெட்வேர்க் சிப் ஷோர்ட் ஆகிக் காத்திருப்பு 5 வோல்ட்டை விழுத்திவிடும். போர்டில் அந்தத் துளைக்குக் கிட்ட உள்ள சிப்பை, சுவிட்ச் போட்டுச் சில நிமிடத்தில் ஓஃப் செய்துவிட்டுத் தொட்டுப் பாருங்கள். விரல் பொறுக்காத சூடென்றால் அதுதான். சிப் மாற்றத் தெரிந்தவர் இல்லையென்றால் போர்டு மாற்ற வேண்டியதுதான். முகில் கறுத்தால் இரண்டு கேபிளையும் கழற்றுங்கள், பவர் மட்டும் போதாது.

பெட்டியைத் தொட்டால் சுர் என்கிறது.

பூமி இணைப்பு இல்லை. சப்ளையின் வடிகட்டிக் கெப்பாசிற்றர்கள் இரண்டும் 230 ஐ நடுவாகப் பிரித்து, ஏறத்தாழ 115 வோல்ட்டைப் பெட்டித் தகரத்தில் விடும். கரண்ட் மிகச் சிறிது, கொல்லாது; ஆனால் யூஎஸ்பி, நெட்வேர்க் சிப்களை அது மெல்லக் கெடுக்கும். பூமிப் பின் இல்லாத அடப்டரை மாற்றுங்கள், வீட்டின் பூமிக் கம்பியை மின் வேலை தெரிந்தவரைக் கொண்டு அளப்பியுங்கள். மணல் நிலம் கோடையில் காய்ந்தால் பூமி இணைப்பு மோசமாகும்.

பிளக்கைப் போட்டதும் வீட்டின் ட்ரிப் சுவிட்ச் விழுவது வேறு கதை: சப்ளைக்குள் கசிவு. ஒரு நாள் வெயிலில் காயவைத்தும் விழுந்தால் சப்ளையை மாற்றுங்கள். ட்ரிப் சுவிட்சை மறித்துக் கட்டிவிட்டு ஓட்டுபவர்களுக்கு எங்களிடம் பதில் இல்லை.

வெள்ளத்தில் நனைந்துவிட்டது.

கிண்ணியா, மூதூர்ப் பக்கத் தாழ்வான இடங்களில் மழைக்கு வரும் கேள்வி. ஒன் செய்து பார்க்கவே வேண்டாம். சின்னப் பற்றரியை உடனே எடுங்கள், அதுதான் நனைந்த போர்டை அரிக்கும். பவர் சப்ளையை எறியுங்கள். போர்டையும் ரேமையும் நல்ல தண்ணீரில் சேறும் உப்பும் போகக் கழுவி, ஐசோபுரோப்பைல் அல்கஹோலால் துடைத்து, ஃபேன் காற்றில் 3 நாள் வையுங்கள். கடல் நீர் பட்டதென்றால் அதே நாளில் கழுவாவிட்டால் நம்பிக்கை குறைவு. ஹார்ட் டிஸ்க்கைக் கழுவவும் வேண்டாம், ஓட்டவும் வேண்டாம். முக்கியமான தகவல் இருந்தால் மீட்பவர்களிடம் கொடுங்கள்.

புதுப் பவர் சப்ளை வாங்கும்போது எதைப் பார்ப்பது?

பெட்டியில் பெரிதாக எழுதிய 500 வாட்டை நம்பவேண்டாம். பக்கத்து ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு எத்தனை அம்பியர் என்று பாருங்கள். 16 அம்பியர் என்றால் 192 வாட். தனி கிராஃபிக்ஸ் கார்ட் இல்லாத பழைய டூவல் கோருக்கு அது தாராளம். கையில் தூக்கிப் பாருங்கள், காற்றுப் போல இருந்தால் உள்ளே பாதிப் பாகம் இல்லை.

பாவித்த டெல், எச்பி பெட்டிகள் வைத்திருப்போர் கவனிக்க: 24 பின்னுக்குப் பதில் 6 அல்லது 8 பின் பிளக் இருக்கும் மொடல்கள் உண்டு. அதற்குச் சாதாரண சப்ளை நேரே பொருந்தாது, பழையதைக் கையோடு கொண்டுபோய் ஒத்துப் பார்த்து வாங்குங்கள். 2000 ஆம் ஆண்டுக்கு முந்திய சில டெல்களில் பிளக் ஒரே வடிவம், வயர் ஒழுங்கு வேறு. ஏறும், எரியும்.

திருத்த முடியவில்லை. உள்ளே உள்ள கோப்புகள்?

கொம்பியூட்டர் செத்தாலும் ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் உயிரோடிருக்கும். கழற்றி, யூஎஸ்பி அடப்டரில் வேறு கொம்பியூட்டருக்குக் கொடுங்கள். 3.5 அங்குல டிஸ்க்குக்கு 12 வோல்ட் தனியாக வேண்டும், ஆகவே பவர் அடப்டரோடு வரும் வகையையே வாங்குங்கள். அகலமான நாடாக் கேபிள் போட்டது என்றால் அது ஐடிஈ என்ற பழைய இணைப்பு வகை, பிறகு வந்த சட்டா அல்ல. கடையில் சொல்லிக் கேளுங்கள். பழைய டிஸ்க்கை வேறு பெட்டியில் மாட்டி அதன் விண்டோஸ் எக்ஸ்பியையே ஓடவைக்கப் பார்க்காதீர்கள், நீலத் திரைதான் வரும். கோப்பை மட்டும் பிரதி எடுங்கள்.

பிரதி எடுக்கும்போது பலர் விடும் பிழை ஒன்று. கோயில் கணக்கு, பாடசாலை வினாத்தாள், கல்யாண அழைப்பிதழ் என்று அந்தக் காலத்தில் அடித்தவை பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் இருக்கும். புதுக் கொம்பியூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். கோப்பு பழுதென்று எண்ணி அழித்தவர்களும் உண்டு. பழைய டிஸ்க்கில் விண்டோஸ் என்ற கோப்புறைக்குள் ஃபொன்ட்ஸ் என்று இருக்கும், அதையும் முழுதாகப் பிரதி எடுத்து வையுங்கள். பாமினியைப் புதியதில் நிறுவியதும் தமிழ் திரும்பி வரும். யூனிகோடுக்கு மாற்றுவதைப் பிறகு ஆறுதலாகச் செய்யலாம்.

இவ்வளவு செலவழித்துத் திருத்துவது பெறுமதியா?

பட்டன், ரேம், பற்றரி, கேபிள் என்றால் தயங்க வேண்டாம். பவர் சப்ளை என்றால் பென்டியம் 4 க்கு வேண்டாம், கோர் ஐ3க்குச் செய்யலாம். மதர்போர்டு போனால் அதே தலைமுறைப் போர்டு தேடி அலைவதைவிட, பாவித்த முழுப் பெட்டி ஒன்றை வாங்கி உங்கள் டிஸ்க்கிலுள்ளதைப் பிரதி எடுப்பது லாபம். கணக்கு மென்பொருளோ பழைய பிரிண்டரோ அந்தக் கொம்பியூட்டரில் மட்டும்தான் ஓடும் என்ற நிலை இருந்தால் கணக்கு மாறும்.

திருத்தியாகிவிட்டது. இனி எப்படி வைத்திருப்பது?

நிலத்திலிருந்து அரை அடியாவது உயர்த்தி, கடல்பக்க யன்னலுக்கு நேரே இல்லாமல் வையுங்கள். பாவிக்காவிட்டாலும் வாரத்துக்கு ஒருமுறை ஒரு மணித்தியாலம் ஓடட்டும், உள்ளே ஈரம் காயும். பொலித்தீனால் இறுக்கி மூடுவது ஈரத்தை உள்ளே பூட்டுவதுதான். துணி போடுங்கள், ஓடும்போது எடுத்துவிடுங்கள். கச்சான் ஓய்ந்ததும், மாரி தொடங்க முதல், ஒருமுறை திறந்து பெயின்ட் பிரஷால் தூசி தட்டுங்கள். ஃபேனைக் காற்றடித்துச் சுத்தம் செய்யும்போது விரலால் இதழைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கரண்ட் போனால் பின் சுவிட்சை ஓஃப் செய்து, வந்து 5 நிமிடம் கழித்துப் போடுங்கள். வரும் முதல் நிமிடத்தில்தான் வோல்ட் ஆடும்.